முதுகு காட்டி நின்ற பெயர்ப்பலகை

ஒரு மலையடிவாரத்தில் செடி விற்கிற ஒரு நர்சரி இருந்தது. அங்கே ஒருநாள் ஒரு புதுப் பூவாளி வேலைக்கு வந்து சேர்ந்தது.

பூவாளி எப்படி வேலைக்கு வரும், அதற்குக் கால் இருக்கிறதா என்றெல்லாம் கேட்கக் கூடாது. கதையில் வரும். அதைக் கேட்டுக்கொண்டு நின்றால் கதை நகராது. நிற்பது இந்தப் பூவாளிக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

பச்சைப் பிளாஸ்டிக் உடம்பு. நீள மூக்கு. மூக்கு நுனியில் பொடிப்பொடியாகத் துளைகள். அடிப்பக்கத்தில் விலை ஒட்டிய காகிதம் பாதி உரிந்தும் பாதி உரியாமலும் இருந்தது. சந்தையில் குடங்களுக்கும் முறங்களுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே அதற்கு ஓர் ஆசை. தண்ணீரைக் கொட்டக் கூடாது, தூவ வேண்டும். கொட்டுவதற்கு வாளி போதும். தூவினால் வேறு ஏதோ நடக்கும். என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியாது. நடக்கும், அவ்வளவுதான்.

நர்சரியில் எல்லாரையும் மேய்ப்பது மண்வெட்டி. எல்லாரும் அதை அக்கா என்று கூப்பிடுவார்கள். பாசத்தில் இல்லை, பயத்தில்.

“செடி பேரெல்லாம் தெரியுமா?” என்று கேட்டது மண்வெட்டி.

“தெரியாதுக்கா.”

“ஒண்ணுகூடவா?”

“ரோஜா தெரியும். மல்லி, செம்பருத்தி, காகிதப்பூ. அவ்வளவுதான். ஆனா தண்ணி நல்லாத் தூவுவேன்.”

பக்கத்தில் தொங்கிய, கிளை நறுக்குகிற கவாத்துக் கத்திரி வாயைத் திறந்து மூடியது. அது சிரித்தால் அப்படித்தான், கிறீச்சென்று இருக்கும்.

“தென்னை மரம் தெரியும்னு சொல்லாம விட்டுட்டியே தம்பி!”

“அதுவும் தெரியும்,” என்றது பூவாளி. சொன்ன பிறகுதான் கேலி என்று உறைத்தது. சொன்னதைத் திரும்ப வாங்க முடியவில்லை.

“காலையில பேர் வாசிப்பு இருக்கு. வந்து நின்னு கேளு,” என்றது மண்வெட்டி. “வாயை மூடிக்கிட்டுக் கேளு.”

பேர் வாசிப்பு அந்த நர்சரியின் வழக்கம். ஒவ்வொரு தொட்டியிலும் மெல்லிய கம்பி ஒன்று நட்டு, அதன் தலையில் ஒரு தகரப் பெயர்ப்பலகை நின்றது. சூரியன் மலைக்கு மேல் தலையை நீட்டியதும் வெயில் முதல் வரிசையில் விழும். வெயில் படப்பட ஒவ்வொரு பலகையும் பளிச்சென்று மின்னித் தன் பெயரைச் சொல்ல வேண்டும்.

“ஹைபிஸ்கஸ் ரோசா சைனென்சிஸ்!”

“ஜாஸ்மினம் சம்பக்!”

“கேதராந்தஸ் ரோசியஸ்!”

“அசாடிராக்டா இண்டிகா!”

வெயில் ஓட ஓடப் பெயர்களும் ஓடின. வரிசை வரிசையாக, அடுக்கடுக்காக, மலை திருப்பிச் சொல்லும் அளவுக்கு. பூவாளிக்குத் தலை சுற்றியது. ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஊரிலுள்ள கோயில் மணியெல்லாம் ஒன்றாக அடித்ததுபோல உள்ளே என்னவோ அதிர்ந்தது. அதை யாரிடமும் சொல்ல அதற்கு வெட்கமாக இருந்தது.

அப்போது மூன்றாம் வரிசையில் ஓர் இடத்தில் சத்தம் நின்றது. அங்கிருந்த பலகை துருவேறி, எழுத்து உதிர்ந்து, வாயிழந்து நின்றது.

“அடுத்து!” என்றது மண்வெட்டி. மறுபேச்சில்லாமல் அந்தத் தொட்டியை வரிசையிலிருந்து இழுத்து உரக்குழிப் பக்கம் தள்ளியது. செடி நன்றாகத்தான் இருந்தது. ஒரு மொட்டுகூட வைத்திருந்தது.

“ஏன்க்கா அதை...”

“பேர் இல்லாத செடியை எவன் வாங்குவான்? வாங்காத செடிக்கு எதுக்கு வரிசையில இடம்? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். தண்ணி ஊத்தப் போ.”

பூவாளிக்கு அது அநியாயமாகப் பட்டது. முதல் தொட்டியில் இருந்த பலகையிடம் போய் நின்றது.

“இது செம்பருத்திதானே?”

“செம்பருத்தி என்பது தெருப்பெயர்,” என்றது பலகை. பலகைகள் எல்லாமே அச்சடித்த மாதிரிதான் பேசும். “உலகம் முழுவதற்கும் உரிய பெயர் ஹைபிஸ்கஸ் ரோசா சைனென்சிஸ். பின்பாதிக்குச் சீனத்து ரோஜா என்று பொருள்.”

“செம்பருத்தியைப் போய் சீனாக்கார ரோஜாங்கறீங்க. என்னைப் பார்த்து ஒண்ணும் தெரியாதவன்னு சிரிக்கிறீங்க. நல்லா இருக்கு.”

கத்திரி மறுபடியும் கிறீச்சிட்டது. இந்த முறை பலகையைப் பார்த்து. ஆனால் அன்றிலிருந்து முதல் வரிசைப் பலகை எதுவும் பூவாளியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆறுதல் சொன்னது ஓஸ் பைப். அது இரை விழுங்கிய பாம்புபோலச் சுருண்டு படுத்திருக்கும்.

“விட்டுத்தள்ளுடா. நான் இத்தனை வருஷத்துல ஒரு பேரும் கத்துக்கலை. என்ன கெட்டுப்போச்சு? செடின்னா தாகம் எடுக்கும். தண்ணி குடு. சோலி முடிஞ்சுது.”

இது பூவாளிக்குப் பிடித்துப்போயிற்று. எல்லாம் செடி, எல்லாத்துக்கும் தாகம். இதற்கு மேல் என்ன படிப்பு வேண்டும்?

வேலையைப் பொறுத்தவரை அது சோம்பேறி இல்லை. வரிசை வரிசையாக ஓடியது. ஓடின இடத்திலெல்லாம் வாயைப் பிளந்து நின்றது. சேம்பு இலையில் தூவினால் இலை நனையவில்லை. தண்ணீர் உருண்டது. ஒவ்வொரு துளியும் தனக்குள் ஒரு குட்டி வானத்தை வைத்துக்கொண்டு இலையின் நடுவில் போய் உட்கார்ந்தது. தொட்டாற்சுருங்கியில் தூவினால் செடி முழுக்கக் கை கூப்பி மூடிக்கொண்டது. பூவாளி பதறிப் பின்வாங்கி, “மன்னிச்சிருங்க,” என்றது. கத்திரி அதை ஒரு வாரம் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தது.

நிழல்வலையின் ஓரத்தில், கடைசி வரிசையின் முனையில், மூன்று மண்தொட்டிகள் இருந்தன. மூன்றிலும் ஒரு பச்சை இல்லை. வெறும் மண். வெடித்து, வெளுத்து, பார்க்கவே பாவமாக இருந்தது. மூன்றிலும் பலகை மட்டும் விறைப்பாக நின்றது.

“நீங்க யாரு?” என்று கேட்டது பூவாளி, ஓரத்துத் தொட்டியின் பலகையிடம்.

“குளோரியோசா சூப்பர்பா.”

“சூப்பர்பாவா?” பூவாளிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. “உள்ளே ஒண்ணுமே இல்லை, வெறும் மண்ணு. இதுக்கு எதுக்கு இம்மாம் பெரிய பேரு?”

“பெயரைச் சொல்லிவிட்டேன். எல்லாம் அதிலேயே அடக்கம். தெரிந்தவர் தெரிந்துகொள்வார்.”

“தெரியாதவங்க?”

தெரியாதவர்களுக்காக அந்தப் பலகை நடப்படவில்லை.

பூவாளி மூன்று தொட்டிகளையும் பார்த்தது. அனல் அடிக்கிற கோடை. பக்கத்துச் செடியெல்லாம் குடித்துக் கொழுத்து நிற்க, இவை மட்டும் நாக்கு வறண்டு கிடந்தன. இவற்றை யாரும் கண்டுகொள்வதில்லை போலிருக்கிறது என்று நினைத்தது. அன்று முதல் மற்ற தொட்டிகளுக்கு ஊற்றியதுபோல இரண்டு மடங்கு அங்கே ஊற்றியது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, நடுவில் மனசு கேட்காமல் ஒரு தடவை. மண் கறுத்துக் குளிர்ந்தபோது அதற்கு அவ்வளவு சந்தோஷம்.

“அப்படிப் போடு,” என்றது ஓஸ் பைப், படுத்தபடியே.

கொஞ்ச நாளில் அங்கே நாற்றம் வந்தது.

மண்வெட்டி வந்து முதல் தொட்டியைக் கிளறியது. உள்ளே கலப்பைபோல வளைந்த ஒரு கிழங்கு இருந்திருக்கிறது. இப்போது இருந்தது கூழ். இரண்டாவது தொட்டியிலும் கூழ்தான்.

“எவன் ஊத்தினது?”

ஓஸ் பைப் இன்னும் ஒரு சுற்றுச் சுருண்டு தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

“நான்தான்க்கா,” என்றது பூவாளி.

“கண்வலிக்கிழங்குடா அது! காந்தள்! வெயில்காலம் பூரா மண்ணுக்குள்ள தூங்கும். மழை வந்தாத்தான் முழிக்கும். தூங்குறவன் வாயில தண்ணியை ஊத்திக் கொன்னுட்டு நிக்கிறியே!”

“தூங்குதுன்னு தெரியாதுக்கா. காலியா இருக்கு, பாவம்னு நினைச்சேன்.”

“பாவம் பார்க்கத்தான் உன்னை வேலைக்கு வச்சேனா? பேர் தெரிஞ்சிருந்தா குணம் தெரிஞ்சிருக்கும். குணம் தெரிஞ்சிருந்தா கை நின்னிருக்கும்.” மண்வெட்டி பலகை பக்கம் திரும்பியது. “நீயாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?”

“நான் பெயரைச் சொன்னேன்,” என்றது ஓரத்துப் பலகை.

“ஆமா. பேரை மட்டும் சொன்னே.”

பலகை நடைபாதையைப் பார்த்தபடியே நின்றது.

“ஓரத்துல இருக்கிற மூணாவதையும் தோண்டிப் பாருங்கக்கா,” என்றது பூவாளி. “உசுரோட இருக்கான்னு தெரிஞ்சா போதும்.”

“தோண்டினா நுனி ஒடியும். முளை அந்த நுனியிலதான் இருக்கும். ஒடிஞ்சா இருக்கிற உசுரும் போயிரும்.” மண்வெட்டி தொட்டியை லேசாகச் சாய்த்துப் பார்த்தது. “இதுல அடி ஓட்டை பெருசு. தண்ணி வடிஞ்சிருக்கலாம். தப்பிச்சிருக்கலாம், தப்பிக்காமலும் இருக்கலாம். மழை வரட்டும். பூத்துச்சுன்னா நீ இங்க இரு. பூக்கலைன்னா, கக்கூஸ்ல ஒரு வாளி வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

கக்கூஸ். அங்கே தூவுகிற வேலை கிடையாது. மூக்கை வெட்டிவிட்டுத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் பூவாளி அந்தத் தொட்டியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. காலியாக வந்தது. ஒரு சொட்டுக்கூட உள்ளே வைத்துக்கொள்ளாமல், கவிழ்த்துத் தட்டிவிட்டு வந்தது. தன் மேலேயே அதற்கு நம்பிக்கை இல்லை. ஓடுவது சுலபம், ஊற்றுவது சுலபம். ஒன்றும் செய்யாமல் ஒரு மண்தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்வதுபோல ஒரு கொடுமை கிடையாது.

பேச்சுத் துணைக்கு அந்தப் பலகை மட்டும்தான். அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். பூவாளி இருந்தது தொட்டிக்குப் பின்னால். பலகை பார்த்தது எதிரே நடைபாதையை.

“ஏங்க,” என்றது பூவாளி ஒரு மத்தியானம். “அந்தப் பூ எப்படி இருக்கும்?”

“குளோரியோசா சூப்பர்பா. ஏறு கொடி. இலை நுனி பற்றுக்கம்பியாகும். இதழ் ஆறு.”

“அது தெரியுது. பார்க்க எப்படி இருக்கும்?”

வெயிலில் பலகையின் தகரம் சூடேறி ‘டிக்’கென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

“நான் பார்த்ததில்லை,” என்றது கடைசியில்.

“என்னங்க விளையாடுறீங்க?”

“விளையாட எனக்குத் தெரியாது. நான் நிற்கும் விதத்தைப் பார். நடைபாதையில் வருகிறவர் படிக்க வேண்டும். ஆகவே என் முகம் நடைபாதைக்கு, என் முதுகு செடிக்கு. ஒவ்வொரு மழைக்கும் என் பின்னால் ஏதோ எழும்பும். எதிரே வருகிறவர்கள் நடையை நிறுத்துவார்கள். கண்ணை அகல விரித்து எனக்குப் பின்னால் எதையோ பார்ப்பார்கள். பேசிக்கொண்டு வந்தவர்கள் பேச்சை விடுவார்கள். அப்புறம் குனிந்து என்னைப் படிப்பார்கள். நான் பெயரைச் சொல்வேன். அவர்கள் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பார்த்ததைப் பார்த்ததில்லை.”

பூவாளி வாயில் வந்ததைச் சொன்னது.

“அப்போ உங்களுக்குச் செடி தெரியாது. எனக்குப் பேரு தெரியாது. ரெண்டு பேரையும் சேர்த்தாத்தான் ஒரு முழு முட்டாள் வரும்போல.”

பலகை சிரித்தது. தகரம் சிரிப்பதை அந்த நர்சரியில் அதுவரை யாரும் கேட்டதில்லை.

“ஆனால் ஒன்று கேள்,” என்றது. “என் பெயரைப் பார்த்துச் சிரித்தாயே, அதற்கு என்ன பொருள் தெரியுமா? மற்றச் செடிகளுக்குப் பெயர் வைத்தவர்கள் இலையின் வடிவத்தை வைத்தார்கள், ஊரை வைத்தார்கள், யாரோ ஒரு பெரிய மனிதரை வைத்தார்கள். அளந்து வைத்தார்கள். இதற்கு மட்டும் மகிமை, அபாரம் என்று வைத்துவிட்டார்கள். என் பெயரில் ஓர் இலையும் இல்லை, ஓர் ஊரும் இல்லை. அளக்க வந்தவர் அளவுகோலைக் கீழே போட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். அப்படி எதைப் பார்த்திருப்பார் என்று நிற்கிற நேரமெல்லாம் யோசித்திருக்கிறேன்.”

பூவாளி வெறும் மண்ணைப் பார்த்தது. பெயர் என்றால் செடி மேல் ஒட்டிய விலைச்சீட்டு என்றுதான் அது இதுவரை நினைத்திருந்தது. எவரோ எப்போதோ வாயடைத்து நின்றதும் ஒரு பெயராக முடியும் என்று அதற்கு யாரும் சொன்னதில்லை. பேர் வாசிப்பில் தன் உள்ளே அதிர்ந்தது எதுவென்று இப்போது லேசாகப் புரிந்தது. அத்தனை பெயருக்குள்ளும் யாரோ நின்று பார்த்தது இருந்தது.

அதற்கப்புறம் பலகை வாய்க்குள்ளே தன் பெயரை முணுமுணுக்கும்போதெல்லாம் பூவாளி கேட்டுக்கொண்டிருந்தது. சிரிக்கவில்லை. திருப்பிச் சொல்லியும் பார்க்கவில்லை. தன் வாயால் சொல்ல இன்னும் தகுதி இல்லை என்று அதற்குப் பட்டது. இரண்டு கிழங்கைக் கூழாக்கிய வாய் அது.

ஒருநாள் மலை கறுத்தது. மழை வந்தது. ஆகாயமே ஒரு பூவாளியாகி மூக்கைச் சாய்த்ததுபோலப் பொடிப்பொடியாக, ஒரு மண்கட்டியும் சிதறாமல் தூவியது. இப்படித்தான் தூவ வேண்டும் என்று பூவாளி வெட்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது.

மழை விட்ட சில நாளில் மூன்றாவது தொட்டியில் மண் லேசாக விரிந்தது. விரிசலுக்குள்ளிருந்து பச்சையாக ஒரு கூர் எட்டிப் பார்த்தது.

“அக்கா!” என்று பூவாளி போட்ட சத்தத்தில் கத்திரி ஆணியிலிருந்து கழன்று விழுந்தது.

மண்வெட்டி வந்து பார்த்தது. அதன் முகம் மாறவில்லை. “முளைச்சிருக்கு. பூக்கட்டும், பேசலாம். இப்ப தண்ணி ஊத்தலாம். தூவு, கொட்டாதே.”

பூவாளி தூவியது. உயிர் போகிற கவனத்தோடு தூவியது.

கூர் கொடியாயிற்று. கொடி இலை விட்டது. ஒவ்வோர் இலையும் நுனிக்குப் போகப் போகச் சிறுத்து, மெலிந்து, கடைசியில் இலை என்பதை மறந்து ஒரு விரலாகிவிட்டது. அந்த விரல் காற்றில் எதையோ தேடியது. கண் தெரியாதவர் சுவரைத் தடவுகிற மாதிரி, பொறுமையாக. பூவாளி மூச்சு விடாமல் பார்த்தது. இலைக்கு விரல் முளைக்கும் என்று அதற்கு யார் சொன்னார்கள்? பலகைதான் சொன்னது. பற்றுக்கம்பி என்று சொன்னது. காதில் விழுந்த வார்த்தை கண்ணெதிரே நீண்டு வளைந்தபோது அதற்குப் புல்லரித்தது.

விரல் கம்பியைக் கண்டுபிடித்தது. பலகையின் கம்பிதான். சுற்றிப் பிடித்துக்கொண்டது.

“யாரது? யாரோ என்னைத் தொடுகிறார்கள்!” என்றது பலகை.

“அதுதாங்க. உங்க குளோ... உங்க செடி.”

கொடி ஏறியது. இரண்டாவது விரல் தகரத்தின் ஓரத்தைப் பிடித்தது. கொடி கனக்கக் கனக்க, காற்று ஆட்ட ஆட்ட, பலகை இருந்த இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ஆரம்பித்தது.

“ஐயையோ, திருப்புகிறது! நடைபாதை மறைகிறது! வருகிறவர் என்னை எப்படிப் படிப்பார்? படிக்க முடியாத பலகை எதற்கு ஆகும்?”

“நறுக்கிடவா?” என்றது கத்திரி. ஆர்வமாக வாயைத் திறந்தபடி வந்து நின்றது. “ரெண்டு விரல்தான். ஒரே கிள்ளு.”

“நறுக்கினா கொடி சரிஞ்சிரும்,” என்றது பூவாளி. “சரிஞ்சா பூக்காது.” பூக்காவிட்டால் தனக்கு என்ன ஆகும் என்று அது சொல்லவில்லை. பலகைக்குத் தெரியும். “நீங்களே சொல்லுங்க. உங்க உடம்பு.”

பாதி முகம் நடைபாதைக்கும் பாதி முகம் செடிக்குமாகப் பலகை நின்றது. அதன் ஓரக்கண்ணில் முதல்முறையாக ஒரு பச்சை தெரிந்தது.

“கத்திரி,” என்றது. “வாயை மூடு.”

கத்திரி மூடிக்கொண்டது.

அந்தப் பக்கமாக வந்த மண்வெட்டி நின்று பார்த்தது. “பலகை திரும்பிருச்சே? சரி, முகம் எந்தப் பக்கம் இருந்தா எனக்கென்ன. பேர் வாசிப்புல குரல் வரணும். வரலைன்னா பூத்தாலும் சரி, காய்ச்சாலும் சரி, தொட்டி உரக்குழிக்குத்தான்.”

“திரும்பினால் குரல் போய்விடாது,” என்றது பலகை நிமிர்ந்து. “இத்தனை காலம் சொன்ன பெயர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.”

கொடி அதை முழுக்கத் திருப்பியது. மொட்டு வந்தது. பச்சையாக, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பலகையின் முகத்துக்கு நேராக வந்து நின்றது. சாதுவான மொட்டு. இதற்கா இவ்வளவு என்றுதான் யாருக்கும் தோன்றும். பூவாளிக்கும் தோன்றியது. தோன்றவில்லை என்று அது பொய் சொல்லாது.

மறுநாள் விடிந்தது.

சூரியன் மலைக்கு மேலே தலையை நீட்டியது. முதல் வரிசை மின்னியது.

“ஹைபிஸ்கஸ் ரோசா சைனென்சிஸ்!”

“ஜாஸ்மினம் சம்பக்!”

பெயர்கள் ஓடி வந்தன. வரிசை தாண்டி வரிசையாக, அலைபோல, கடைசி வரிசைக்கு வந்து, கடைசித் தொட்டியில் முட்டின.

அங்கே சத்தம் நின்றது.

மொட்டு விரிந்திருந்தது. பூ தலைகீழாகத் தொங்கியது. ஆனால் இதழ்கள் தொங்கவில்லை. ஆறும் பின்பக்கமாக மடங்கி மேல்நோக்கி எழுந்து நின்றன. நுனி சிவப்பு, அடி மஞ்சள், ஓரமெல்லாம் நெளிநெளியாக. காற்று இல்லை. ஆனாலும் எரிவதுபோல இருந்தது. ஈரமான ஒரு தீ. இரவெல்லாம் பெய்த மழை அதை அணைக்காமல் ஏற்றிவிட்டிருந்தது.

வெயில் பலகையின் முதுகில் விழுந்தது. முகத்தில் விழுந்தது பூவின் சிவப்பு. தகரம் முழுக்கச் சிவந்து நின்றது.

பலகை வாயைத் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

“கடைசித் தொட்டி!” என்றது மண்வெட்டி. “பேர்!”

பலகை பார்த்துக்கொண்டே இருந்தது. நடைபாதையில் வருகிறவர்கள் ஏன் நின்றார்கள் என்று அது கண்டுகொண்டது. அளக்க வந்தவர் ஏன் அளவுகோலைக் கீழே போட்டார் என்றும் கண்டுகொண்டது. எத்தனையோ காலைகளில் சொன்ன பெயர் அதற்கு இப்போது வாயில் இல்லை. பெயர் எதிரே தொங்கிக்கொண்டிருந்தது.

“சொல்லுங்க,” என்றது பூவாளி கிசுகிசுப்பாக. “சொல்லுங்க, தள்ளிருவாங்க.”

பலகைக்குக் காது கேட்கவில்லை.

மண்வெட்டி தொட்டியை நோக்கி நடந்தது. சட்டம் எல்லாருக்கும் ஒன்று. அதன் விளிம்பு தொட்டியின் அடியில் பட்டது.

“குளோரியோசா சூப்பர்பா!”

நர்சரி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பூவாளிதான் சொன்னது. தடுமாறாமல், திக்காமல், மலை திருப்பிச் சொல்லும் அளவுக்குச் சொன்னது. அது அந்தப் பெயரைப் படித்துச் சொல்லவில்லை. பூவை அண்ணாந்து பார்த்தது, பெயர் தானாக வெளியே வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. கத்திரியின் வாய் திறந்தபடியே இருந்தது, ஆனால் சத்தம் வரவில்லை.

மண்வெட்டி விளிம்பை மெதுவாக வெளியே எடுத்தது. தொட்டி நின்ற இடத்திலேயே நின்றது. மண்வெட்டியும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அதுவும் இந்த நர்சரியில் இத்தனை காலம் ‘அடுத்து, அடுத்து’ என்றே ஓடியிருக்கிறது.

“பேர் வந்திருச்சு,” என்றது, யாரையும் பார்க்காமல். “வேலையைப் பாருங்க.” பிறகு பூவாளியிடம், “உனக்கென்ன வேடிக்கை? முதல் வரிசை காயுது.”

பூவாளி தண்ணீர் மொண்டுகொண்டு முதல் வரிசைக்கு ஓடியது. முதல் தொட்டியின் பலகை அதைப் பார்த்ததும் விறைத்துக்கொண்டு வாயைத் திறந்தது.

“ஹைபிஸ்கஸ்...”

“இருங்க, இருங்க, ஒரு நிமிஷம்,” என்றது பூவாளி.

அது பலகையைச் சுற்றிக்கொண்டு தொட்டிக்குப் பின்பக்கம் போனது. தினமும் தண்ணீர் ஊற்றின செம்பருத்திதான். அதன் முன்னால் முதல் தடவையாக நின்றது. பார்த்தது. ஐந்து இதழின் நடுவிலிருந்து ஒரு தூண் நீண்டு, அதன் மேல் பொன்தூள் அப்பி, உச்சியில் ஐந்து குட்டிச் சிவப்புத் தலைகள் வெல்வெட்டில் செய்ததுபோல எட்டிப் பார்த்தன. இது இத்தனை நாளும் இங்கேயே இருந்திருக்கிறது.

நெடுநேரம் கழித்துப் பூவாளி பேசியது.

“ம். இப்பச் சொல்லுங்க. இவங்க பேரு என்ன?”